துபாசி நாகப்பன் மாற்றிச் சொன்னது

சுண்ணாம்புக்குளத்தில் ஏரியை ஒட்டிக் கண்ணப்பனுக்குக் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. அவருடைய மகன் நாகப்பனுக்கு அந்தச் சேற்றில் கால் வைக்கவே பிடிக்காது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த காலம். அந்தக் கோட்டையில் துபாசியாக வேண்டும், வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாகத் துரை பக்கத்தில் நின்று இரண்டு பாஷையும் பேச வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

படகுத்துறையில் ஒல்லாந்துக் கப்பல் தச்சன் ஒருவனுக்கு எடுபிடியாகச் சேர்ந்து பாஷை கற்றான். தச்சன் பேசியதில் பாதி வசவு. அது தெரியாத நாகப்பன், வேலை கேட்டுப் பண்டகசாலைத் துரை முன் நின்றபோது, தச்சன் தினமும் காலையில் கூட்டாளிகளைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையை வணக்கமாகச் சொல்லிவிட்டான். எழுத்தர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். முகம் சிவந்த துரையும் கடைசியில் சிரித்துவிட்டார்.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த வேலை வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. "நெல்லூர்ப் பக்கம் ஜவுளி வியாபாரக் குடும்பம்" என்றான் நாகப்பன். வேலை கிடைத்தது.

அதன்பின் ஊருக்குப் போவது குறைந்தது. தெய்வநாயகியைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டிலேயே குடியிருந்தான். சில வருஷங்களில் தலைமைத் துபாசி இறந்துபோக, அடுத்து நாகப்பன்தான் என்று கோட்டையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணப்பன் கோட்டைக்கு விற்க நெல் மூட்டைகளோடு படகில் வந்து இறங்கினார். துரையும் நாகப்பனும் துறையில் நின்றிருந்தார்கள். மகனைப் பார்த்த சந்தோஷத்தில் அவர், "நாகா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இவன் யார்?" என்று துரை கேட்டார்.

நாகப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். கண்ணப்பன் மகனின் முகத்தைப் பார்த்தார், துரையின் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"சாமி, நான் இவங்க வூட்டு வயல்ல கூலிக்கு ஏர் ஓட்றவன். சின்ன வயசுலேர்ந்து பாத்தவங்களா, வாய் தவறிப் பேரச் சொல்லிட்டேன்."

துரை நாகப்பன் பக்கம் திரும்பினார். நாகப்பன் அதை ஒல்லாந்து பாஷையில் மாற்றிச் சொன்னான். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. துரை தலையசைத்துவிட்டு நடந்தார்.

"மாமா வந்தாங்களாமே, ஏன் கூப்ட்டுக்கினு வரல?" என்று அன்றிரவு சோறு போடும்போது தெய்வநாயகி கேட்டாள். அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் துரையிடம் போய், "நேற்று நான் மாற்றிச் சொன்னதில் பிழை இருக்கிறது" என்றான்.

"எடையிலா, விலையிலா?" என்று துரை பதறினார்.

"அந்த மனிதர் என் தகப்பனார்."

துரை சன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என் தகப்பனார் மாடு மேய்த்தவர். நான் அதை யாரிடமும் மறைத்ததில்லை" என்றார். பிறகு, "வேலையில் இரு. தலைமைப் பதவி உனக்கு இல்லை" என்றார்.

தகப்பனிடம் மன்னிப்புக் கேட்க நாகப்பன் ஊருக்குப் போனான். கண்ணப்பன் நடந்ததைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"இன்னாடா பண்ணிட்டு வந்துக்கிற? நான் குனிஞ்சது யாருக்காவ? நீ மேல போவணும்னுதான குனிஞ்சேன்? அத்தயும் கெடுத்துக்கினியே!"

"என்னால முடியல நைனா."

அவர் ஏரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். நடவு சமயம் அது. நாகப்பன் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வயலில் இறங்கினான். அவன் நட்ட நாற்று பாதி சாய்ந்து மிதந்தது. நடவுப் பெண்கள் சிரித்தபடி பின்னாலேயே வந்து திருத்தி நட்டார்கள். கண்ணப்பன் பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெயில் ஏறியதும் கஞ்சி குடிக்க இருவரும் வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி கண்ணப்பன் கேட்டார்:

"ஏருக்கு அவுங்க பாஷைல இன்னா பேரு?"

"ப்ளூக்."

"புளுகா?"

"இல்ல நைனா, ப்ளூக்."

"அத்தத்தான நானும் சொல்றேன், புளுகுனு" என்றார் கண்ணப்பன்.  கஞ்சிக் கலயத்தை மகன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தலைமைப் பதவி ஒரு வியாபாரி மகனுக்குப் போயிற்று. தன்னைவிட இளையவனான அவனுக்குக் கீழே நாகப்பன் கடைசிவரை வேலை பார்த்தான். அதில் அவனுக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. சில நாட்களில் வீடு திரும்பியதும் சாப்பிடாமலே படுத்துக்கொள்வான். தெய்வநாயகி சோற்றை மூடி வைப்பாள்.