பெரிய விசிறி

போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கிராப்பு வெட்டிய எஞ்சினியர் அம்மா, ஏலக்காய் மூட்டை தூக்கும் ஆளில்லா விமானத்தின் விசிறியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத வண்டி மேல கட்டிருவோம்க்கா" என்றார் டிரைவர்.

"அப்ப என்னையும் சேத்துக் கட்டு."

எழும்பும்போது மேலே பார்க்கும் அந்த விசிறி, பறக்கும்போது முன்னால் சாயுமாம். "சின்னதா இருந்தா வெரசாப் போகுமே?" என்று கேட்டேன்.

"போகும்ணே. ஆனா எறங்குறப்ப காத்து வேகமா அடிச்சு ஏலச்செடியப் பிச்செறிஞ்சிரும். பெரிசுன்னா மெதுவா ஊதும், லோடும் கூடத் தூக்கும். மலையில பறக்க எடம் கெடக்கு. எறங்கத்தான் எடமில்ல."

"கம்பெனியில ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. அதான் நானே மாட்டப் போறேன்."

வளைவில் அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் காற்று விசிறியைப் பிடுங்கப் பார்த்தது. அதைச் சற்றே சாய்த்துப் பிடித்து, எதிர்காற்றிலேயே நடந்தார். இப்போதும் அந்தப் பக்கம் போனால் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறேன்.