ஓய்வு கொடுக்கப்பட்ட மின்கலங்கள்

2023 ஒக்டோபர் 23, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழும்பினேன். இடியப்பம் அவித்து, அம்மாவின் குளிசைகளைக் காலைக்கு, மத்தியானத்துக்கு என்று பிரித்து வைத்துவிட்டு விசுவமடுவில் பஸ் ஏறினேன். பரந்தன் சந்தியில் மாறி, கிளிநொச்சியில் இறங்கி, எட்டு மணிக்கு முன்பே பல்கலைக்கழக ஆய்வுகூடக் கதவைத் திறந்தேன்.

உள்ளே சத்தமில்லை.

மின்கலங்களில் மின்னை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் இயந்திரத்தின் விசிறி சித்திரை மாதத்திலிருந்து ஓயாமல் ஓடியது. இந்த ஆறு மாதத்தில் அந்த இரைச்சல் இல்லாமல் அந்த அறையை நான் அறிந்ததில்லை. இயந்திரத்தின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே வாடிய செவ்வரத்தம்பூ. ஆளி அணைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நான் ஒட்டிய “நிறுத்தவேண்டாம்” என்ற கடதாசியைக் காணவில்லை.

இதை வாசிப்பவருக்கு என் வேலையைச் சொல்லவேண்டும். லிதியம் மின்கலத்தை வழமையைவிடக் கூடிய மின்னழுத்தத்துக்கு ஏற்றினால் அது அதிக சக்தியைத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் நேர்முனையில் பட்டுச் சிதைந்துபோகும். அதைத் தடுக்கத் திரவத்தில் மிகச் சிறிதளவு வேறொரு பதார்த்தம் சேர்க்கிறோம். அந்தச் சேர்க்கை முதலில் தான் சிதைந்து, நேர்முனையின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து, மற்றதைக் காக்கிறது. இதற்குமேல் விளக்க விருப்பமில்லை. தான் அழிந்து பிறரைக் காப்பது பற்றி இந்த ஊர் மேடைகளில் நிறையக் கேட்டுவிட்டோம்.

சேர்க்கை உள்ள கலங்களையும் இல்லாத கலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவதுதான் என் ஆய்வு. போன வருடத்து மின்வெட்டில் ஓட்டம் அடிக்கடி அறுந்ததால் பரீட்சகர்கள் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவைதான், அதுவும் அறாத ஓட்டமாக இருக்கவேண்டும் என்றார்கள். அந்தத் தடவை இந்த மாதத்தோடு முடிகிறது. பட்டம் கிடைத்தால் நிரந்தர நியமனம். இல்லையென்றால், இந்த வயதிலும் வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக விரிவுரையாளர் வேலை.

வெள்ளிக்கிழமை நான் வாயு உருளை எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். நாள்படி ஆயுத பூசை இன்றைக்குத்தான்; ஆனால் சனி, ஞாயிறும் சேர்த்து ஓய்வு கிடைக்கட்டும் என்று அன்றைக்கே முடித்திருக்கிறார்கள்.

ஆய்வுகூட உதவியாளர் அக்கா கூட்டுவதற்குத் தும்புத்தடியோடு வந்தார். மலையகத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து காணி திருத்திய குடும்பம். பேச்சில் இன்னும் அந்தப் பக்கம்தான்.

“அக்கா, இதை ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான் மிஸ். பூசைக்கு ஓய்வு குடுக்கணுமில்ல? எங்கப்பா அன்னைக்கு மம்பட்டியக்கூட யாரையும் தொட விடமாட்டாரு. இது பாவம், ராப்பகலா மாடு மாதிரி ஓடுது.”

“நிப்பாட்ட வேண்டாம் எண்டெல்லோ எழுதி ஒட்டினனான்.”

“அது கரண்டு போற பயத்துக்குன்னு நெனச்சேன். கரண்டு போகலையே மிஸ், நாமளாத்தானே மரியாதையா நிப்பாட்டுனோம். பக்கத்துல அந்தக் கறுப்புப் பெட்டி கீ கீன்னு கத்துச்சு. அதுக்கும் ஓய்வுதான்னு அமத்திட்டேன்.”

கறுப்புப் பெட்டி, மின் தடைப்பட்டாலும் இயந்திரம் நிற்காமல் ஓடுவதற்கு நான் கெஞ்சி வாங்கியது.

“கடதாசி எங்க?”

“சரஸ்வதி படத்துக்கிட்ட இருக்கு. எழுத்துள்ளதாச்சே, கீழ போடலாமா? பொஸ்தகத்தோட வச்சிட்டேன். நாளைக்குத்தான் எடுக்கணும்.”

அவர்மேல் கோபப்பட எனக்கு இடமில்லாமல் போனது. அதுதான் அன்றைய முதல் அநியாயம்.

கலங்களை அளந்தேன். சேர்க்கை உள்ளவை முழுதாக ஏறிய நிலையில் வெள்ளியிலிருந்து நின்றிருந்தன. மின்னழுத்தம் ஏறத்தாழ இறங்கவேயில்லை. சேர்க்கை வேலை செய்கிறது. ஆனால் சேர்க்கை இல்லாதவை அந்த நேரம் இறங்கிய நிலையில் நின்றிருக்கின்றன. ஒப்பிட எதுவுமில்லை. கண்முன்னே இருந்த நல்ல பெறுபேற்றைப் பெறுபேறு என்று சொல்ல முடியாது.

துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். என்னைவிட இளையவர்.

“அக்காவைப் பேசாதேங்கோ, அவா பாவம்,” என்றார்.

“நான் பேசேல்லை சேர். நீங்களும் அங்க நிண்டனீங்களாமே.”

“நான் தேங்காய் உடைச்சனான். தீபம் காட்டேக்க ஆளியைப் பாத்துக்கொண்டே நிக்கிறது?”

“இப்ப ஆய்வேட்டில என்ன எழுதுறது?”

“ஒண்டும் எழுதாதேங்கோ. வெள்ளிக்கிழமைக் கடைசிப் புள்ளியையும் இண்டைக்கு வாற முதல் புள்ளியையும் சேர்த்துக் கோட்டை இழுத்துவிடுங்கோ. ஆர் வந்து பாக்கப்போகினம்?”

“இடைவெளியைக் காட்டினால்?”

“திருப்பி அனுப்புவினம். பேந்து தற்காலிகம்தான், தெரியும்தானே.” ஒரு பேணியை என் பக்கம் தள்ளினார். “பூசை அவல் மிச்சம் கிடக்கு, எடுங்கோ.”

எடுத்தேன். சர்க்கரை அதிகம், பல்லில் ஒட்டியது. அதை மென்றுகொண்டே, தேங்காய் உடைத்தவரும் ஆளியை அணைத்தவரும் அடுத்த வருடமும் இதே கதிரைகளில் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன். கோடு இழுத்தால் நானும் இருப்பேன், நிரந்தரமாக. அவர்கள் இருவரும் எனக்கு நல்லதையே நினைத்தார்கள். இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட்டுவிட்டு, வீடு போகும்வரை பஸ்ஸில் அதையே யோசித்தேன். அது கசப்பைக் குறைக்கவில்லை.

மறுநாள் விசயதசமி. அக்கா என் கடதாசியைத் தட்டத்தில் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். “நிறுத்த” என்ற எழுத்துகளின் மேல் குங்குமம் அப்பியிருந்தது. “நல்ல நாளு மிஸ், மொத எழுத்து எழுதுங்க,” என்றார். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கணினியைப் போட்டு, வரைபடத்தைத் திறந்து, வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே கோட்டை அறுத்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: “இவ்விடத்தில், ஆயுத பூசைக்காக, துறைத் தலைவரின் முன்னிலையில், இயந்திரம் நிறுத்தப்பட்டது.”