வண்டலூரில் நின்ற வண்டி

அந்தக் காரை நான் வாங்கும்போதே அது இன்னொருவரிடம் பல வருடங்கள் ஓடியிருந்தது. முடிச்சூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டிலிருந்து, காட்டாங்குளத்தூரில் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்வர அது போதுமானதாக இருந்தது. கடைசி ஒரு வருடத்தில்தான் தொந்தரவு ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை வண்டியை எடுத்த பிறகு, அது நின்றிருந்த இடத்தில் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் பெயின்ட் கொட்டிவிட்டதா என்று கேட்டார். பெயின்ட் இல்லை, எஞ்சின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். இரும்புலியூர் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறது என்று மாற்றிக்கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. அப்புறம் வாட்டர் பம்ப் ஒழுகியது. அதை மாற்றியதும் ரேடியேட்டரே ஒழுகியது. கழற்றி ஈயம் வைத்து அடைத்தார். ஒவ்வொரு முறையும் இதோடு சரியாகிவிடும் என்றார். நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு தரையில் திட்டு விழுவது நின்றுவிட்டது. ஆனால் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது என்று கேட்டதற்கு மெக்கானிக் சைலன்சரிலிருந்து வந்த வெள்ளைப் புகையைக் காட்டினார்.

"வெளிய ஒழுவலன்னா உள்ளதான் மேடம் பூந்துகினு கீது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். எஞ்சினப் பிரிச்சாதான் தெரியும்."

எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. பிரித்தால் வண்டி பல நாள் அவரிடம் நிற்க வேண்டும். அந்த மாதம் கல்லூரியில் சேர்க்கை வேலை. முடிந்ததும் விடுகிறேன் என்றேன். அதுவரை பானெட்டைத் திறந்து தினமும் தண்ணீர் பார்க்கச் சொன்னார். டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் போனால் ஓரங்கட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்த முடியாத இடத்தில் ஹீட்டரை முழுசாகப் போட்டால், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும் என்றார். சென்னையில் கார் ஹீட்டரை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியாது. அவர்தான் காட்டினார்.

அதன்படியே செய்துகொண்டிருந்தேன். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஊற்றுவது, டிக்கியில் தண்ணீர்க் கேன்களை வைப்பது, ஏசி போடாமல் ஓட்டுவது. எரிச்சல் என்று சொல்ல முடியாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரை போட்டுக்கொள்வதைப் போல அது ஒரு காரியம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்கள் முடிச்சூரின் பழைய குடும்பம். முன்பு நெல் விளைந்த நிலத்தில் இப்போது வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடையும் உண்டு. அவர்களுக்கு ஒரே பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டில் விருந்தாளிகள் நிறைந்துவிட்டால் மாடிக்கு வந்து என் சோபாவில் உட்கார்ந்துகொள்வாள். அதிகம் பேச மாட்டாள். போனைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவாள். நானும் என் வேலையைப் பார்ப்பேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அப்படி.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு அடிக்கடி வந்தாள். ஒரு நாள் தானாகவே சொன்னாள்: "அவர்கிட்ட பேசியிருக்கேன் ஆன்ட்டி. பேசும்போதெல்லாம் ரெண்டு பக்கமும் யாராவது பக்கத்துல இருந்துடறாங்க. எப்படிப்பட்டவர்னே தெரியல." நல்லவராகத்தான் இருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு என்ன தெரியும்?

வைகாசியில் கல்யாணம். கூடுவாஞ்சேரியில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். வீட்டுக்காரருடைய கார் ஊரிலிருந்து வந்தவர்களை ஏற்றி இறக்குவதிலேயே இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் பியூட்டி பார்லரிலிருந்து பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிவர முடியுமா என்று என்னைக் கேட்டார். கார் சூடாகிறது, ரிப்பேருக்கு விட வேண்டியிருக்கிறது என்றேன். தினமும் காட்டாங்குளத்தூர் போய்வருகிற வண்டிதானே, கூடுவாஞ்சேரி அதற்கு முன்னாலேயே வந்துவிடுமே என்றார். அது உண்மைதான். சரி என்றேன். எதற்கும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

பார்லரிலிருந்து அவள் வெளியே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கரும்பச்சைப் பட்டு, இடுப்பு வரை பூ, முகத்தில் அடுக்கடுக்காக மேக்கப். கூட அவளுடைய அத்தை, வீட்டுக்காரரின் அக்கா. நகைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெருங்களத்தூர் வரை பிரச்சினை இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் ஏறியதும் மாட்டிக்கொண்டோம். மறுநாள் முகூர்த்தம், சனிக்கிழமை வேறு. ஊருக்குப் போகிற பஸ்கள் எல்லாம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று பட்டு எஞ்சின் தாங்கும். நின்று நின்று நகர்ந்தால் தாங்காது. முள் ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் பஸ். ஓரங்கட்ட வழியே இல்லை.

ஹீட்டர் போட வேண்டியிருக்கும் என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் தன் முகத்தை ஒரு முறை போன் திரையில் பார்த்துக்கொண்டாள்.

"போடுங்க ஆன்ட்டி," என்றாள்.

அத்தைக்கு நாங்கள் பேசியது சரியாகக் கேட்கவில்லை. நான் குமிழைத் திருகுவதைப் பார்த்து, ஏசி போடுகிறேன் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அடுத்த நிமிடம், "இன்னாம்மா இது, அனலா அடிக்குது," என்றார். கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். வெளியிலும் அனல்தான். முள் கொஞ்சம் இறங்கியது. மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு கைக்குட்டையை நெற்றியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முதலில் அதில் சந்தன நிறம் வந்தது, பிறகு கறுப்பும் வந்தது.

வண்டலூர் வந்ததும் ஹீட்டரிலிருந்து வந்த காற்று திடீரென்று குளிர்ந்தது. நல்லது என்று நினைத்தேன். அது நல்லதல்ல, உள்ளே ஓடத் தண்ணீரே இல்லை என்பதால்தான் அப்படி என்று பிறகு தெரிந்துகொண்டேன். முள் சிவப்பைத் தாண்டியது. வெல்லம் காய்ச்சுவதுபோல ஒரு வாசனை. பானெட்டின் இரண்டு ஓரங்களிலும் ஆவி. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. இடது பக்கம் கிடைத்த இடைவெளியில் திருப்பினேன். ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேப்ப மரத்தடியில் தானாகவே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை. செத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வருத்தப்பட நேரமில்லை.

அத்தை வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவர் மண்டபத்திலிருந்து கார் அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் காரும் இதே நெரிசலில் வந்து, திரும்பி, மறுபடி இதே நெரிசலில்தான் போக வேண்டும். டாக்ஸிக்கும் அதே கதிதான். அத்தை அழும் நிலைக்கு வந்துவிட்டார். ரிசப்ஷனுக்கு முன்னால் இப்படி நடப்பது நல்லதில்லை என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குள் பெண் கொஞ்சம் தள்ளிப் போய் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, "ட்ரெயின்ல போயிடலாம் அத்தை. ஸ்டேஷன் இங்கதான் இருக்கு," என்றாள்.

"கல்யாணப் பொண்ணு ட்ரெயின்ல வர்றதா? பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

"லேட்டா போனாலும் சொல்லுவாங்க."

அத்தை நகைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அதுதான் அவர் சம்மதித்ததற்கு அடையாளம்.

காரைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். நான் டிக்கெட் எடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னை முன்னால் விட்டார்கள், அவளைப் பார்த்துவிட்டு. பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். செங்கல்பட்டு வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள். துப்புரவுப் பணியாளர் உடுப்பு போட்ட ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தால் புடவை கசங்கும் என்று இன்னொருவர் தடுத்தார். இருவரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் அவள் நின்றுகொண்டே வந்தாள். மூன்றாமவர் தன் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துக்கொடுத்தார். அத்தை அதை வாங்கி, ரயில் ஆட ஆட அவளுக்குப் பூசிவிட்டார்.

ஊரப்பாக்கம் தாண்டும்போது என் காதருகே குனிந்து சொன்னாள்: "அத்தை அப்பாவுக்குப் பண்ணப்போ நான் அவருக்குதான் பண்ணேன் ஆன்ட்டி. வண்டி நின்னுடுச்சுன்னு சொன்னேன். 'நிக்க நல்ல இடமா இருக்கா, தண்ணி குடிச்சியா'ன்னு கேட்டார். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவள் முகம், அத்தனை அலங்கோலத்திலும், மாடிக்கு வந்து உட்காரும் பெண்ணின் முகமாக இருந்தது.

கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை கோட் சூட்டில் நின்றுகொண்டிருந்தான். யாரிடமும் சொல்லாமல் மண்டபத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான். அவனுக்கும் வியர்த்துக் கொட்டியது. அவளைப் பார்த்ததும் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து மண்டபத்துக்குள் போகக் கூடாது என்று அத்தை அவனை முன்னால் போகச் சொன்னார். அவன் அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஒரு ஆட்டோ பிடித்துக்கொடுத்துவிட்டு மறுபடி நடந்தே போனான். மேடையில் இருவரும் நிற்க எப்படியும் தாமதம்தான் ஆனது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் கொஞ்சம் முணுமுணுத்தார். சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்ததும் அதுவும் அடங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்த பிறகு வண்டலூரிலிருந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். ஹெட் வளைந்திருந்தது. பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் கிடந்தது. பாடி நன்றாக இருக்கிறது, வேறு எஞ்சின் பார்த்துப் போட்டுவிடலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தபோது, ஓஸ், பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது ஞாபகத்துக்கு வந்தது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவருக்கே கொடுத்துவிட்டேன். லாரியில் ஏற்றும்போது ஒரு சக்கரம் சுற்றாமல் அடம் பிடித்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் முதல்முறையாக மாடி ஏறி வந்து உட்கார்ந்தார். தன் வீட்டு வேலைக்குப் போய்த்தான் வண்டி கெட்டது என்று அவருக்கு மனசு ஆறவில்லை. என்றைக்காவது ஒரு நாள் நடந்திருக்கும், அன்றைக்கு நடந்தது என்றேன். உண்மையும் அதுதான். அவர் அதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போதும் மழை பெய்தால் காட்டாங்குளத்தூர் போக என்னைத் தன் காரில் விடச் சொல்லி ஆள் அனுப்புகிறார். மற்ற நாட்களில் பெருங்களத்தூரில் ரயில் பிடிக்கிறேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பல்லாவரத்தில் இருக்கிறார்கள். ஆடி மாதம் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்த அவனும் மாடிக்கு வந்தான். கீழே கூட்டம். அவள் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினாள். அவன் என்னிடம் எஞ்சின் எப்படிச் செத்தது என்று விலாவாரியாகக் கேட்டான். ஹீட்டர் காற்று ஏன் குளிர்ந்தது என்பதை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. டீ போட எழுந்தேன். அவனுக்குச் சர்க்கரை கம்மியாக என்று அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.