லேபிளைக் கிழித்தால் உள்ளே என்ன?

திருமங்கலத்தில் பேருந்துக்காக நின்றபோது பழைய மாணவர் ஒருவர் ஓடிவந்து சொன்னார்: "சார், நம்ம துளசிராம் சார் காலையில தவறிட்டாரு." மதுரை வந்து சேரும்வரை மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தேன். வேறு விதமாக அவரை நினைக்க எனக்குப் பழக்கமில்லை.

அவரிடம் தத்துவம் படித்த உங்களுக்கு அந்த ஓயாத கேள்விகள் நினைவிருக்கும். அதே கல்லூரியில் வேதியியல் நடத்திய நான் மாட்டிக்கொண்டது ஒரு மதியச் சாப்பாட்டில். டிபன் பாக்ஸைத் திறந்ததும், வழக்கம்போல, "சாப்பிடுங்க சார்" என்றேன். "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டிய மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு என் தயிர்சாதத்தில் பாதியைக் காலி செய்தார்.

"சும்மா மரியாதைக்குச் சொன்னேன் சார்!"

"அகராதியில 'சாப்பிடு'ன்னா சாப்பிடுறதுன்னுதானே போட்டிருக்கு? மரியாதை எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

மறுநாள் அவர் வீட்டுப் புளியோதரை என் மேஜையில் இருந்தது.

சொல் என்பது குப்பியில் ஒட்டிய லேபிள், பொருள் உள்ளே இருக்கிறது என்பது என் கட்சி. அவர் சிரிப்பார். "லேபிளைக் கிழிச்சாலும் உங்க உப்பு அப்படியே இருக்கும். 'வாங்க'ன்னு ஒரு லேபிள் இருக்கே, அதைக் கிழிச்சா உள்ள என்ன சார் இருக்கும்?" வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசியவர். "ரெண்டுலயும் திட்டு வாங்கியிருக்கேன். அர்த்தம் ஒண்ணுதான், வலி ஒண்ணில்ல" என்பார். நான் பிடிவாதக்காரன், கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. முனிச்சாலையில் அவர் வீட்டு வாசலில் ஞாயிறுதோறும் வாதம் பாதியில் நிற்கும். "போயிட்டு வாரேன் சார்" என்பேன். "வாங்க" என்று அழுத்திச் சொல்லிக் கண்ணடிப்பார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனாலும் அன்று அந்த வாசலைத் தாண்டும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போயிட்டு வாரேன் சார்."

"இன்னைக்கு இந்த வீட்ல சொல்ற சொல்லாய்யா அது?" என்று கூடத்தில் இருந்த ஒரு பெரியவர் சீறினார். கூசிப்போய் நின்றேன்.

துளசிராமின் மனைவி தலை நிமிர்ந்தார். "வையாதீங்க. அவரு இருந்தா, இப்ப அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருப்பாரு." பிறகு என்னைப் பார்த்தார். "வாங்கண்ணே."

அங்கேயே அழுதுவிட்டேன். அத்தனை வருட வாதத்தில் நான் தோற்றது அப்போதுதான். அதைக் கேட்கத்தான் அவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'இப்ப அதுக்கு என்ன அர்த்தம்' என்ற அந்த ஒரு கேள்வியைத்தான். அடுத்த ஞாயிறும் முனிச்சாலைக்குப் போனேன். வாங்க என்று சொல்லியிருந்தார்களே.