கூழ்வண்டிக்கு முன்னால் வேலி

ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை தூக்கிச் சலித்து, மீன்சுருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டில் கொஞ்ச நாள் கிடந்து, கடைசியில் ஒரு வெல்டருக்குக் கையாளாகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எந்த வேலையையும் என் வேலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு டவுனில் பஸ் ஸ்டாண்டைப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

பழைய ஸ்டாண்டுக்குள் கூழ்வண்டி வைத்திருந்த அக்காவை முதலிலேயே வெளியே தள்ளிவிட்டார்கள். உள்ளே கட்டிய கடைகள் கட்சி வித்தியாசம் இல்லாமல் வேண்டியவர்களுக்குப் போயின. அக்கா வெளியே மதிலை ஒட்டி வண்டியை நிறுத்தினார். மதில் இடுப்புயரம்தான். உள்ளே நிற்பவர்கள் கை நீட்டினால் கம்பங்கூழும் மோர்மிளகாயும் வந்துவிடும். வாசலைச் சுற்றி வந்தால் பஸ் போய்விடும். அந்த மதிலை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும், மதிலோரம் விளக்கில்லாத பெஞ்ச் பக்கம் ஒரு பெண்ணின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். ஜனங்கள் விளக்குக் கேட்டார்கள். மதில்மேல் ஆளுயரக் கம்பி வேலிக்கு உத்தரவு வந்தது. பயணிகள் பாதுகாப்புக்காம். சங்கிலி அறுத்தவன் வாசல் வழியாக வந்து வாசல் வழியாகத்தான் போனான்.

வேலை எங்களுக்குக் கிடைத்தது.

"வாடா தம்பி, எனக்கு ஜெயில் கட்ட வந்தியா?" என்றார் அக்கா.

"நீங்க வெளியதானக்கா இருக்கீங்க. ஜெயிலு உள்ள இருக்கறவங்களுக்கு."

"வாய் மட்டும் நீளுது. டம்ளர் போற மாதிரி கம்பிய எட்ட எட்ட வையி, போதும்."

மேற்பார்வைக்கு வந்த சாரிடம், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று வெல்டர் கேட்டுப் பார்த்தார். "கொழந்த தல மாட்டிக்கிட்டா நீ வந்து பதில் சொல்லுவியா? பிளான்ல உள்ளபடி வை," என்றார் சார். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்ததும் அக்காவின் கூழ்தான்.

ஒரு பக்கம் முடிந்ததும் அக்கா எவர்சில்வர் டம்ளரைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு சின்னக் கிளாஸ் வாங்கிவந்து விட்டுப் பார்த்தார். நுழைந்தது.

"அதான் போவுதேக்கா," என்றேன்.

"இதுல குடிச்சா எவனுக்குடா பசி அடங்கும்?" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

பிறகு ஒருமுறை அந்த வழியாகப் போனேன். வண்டி இல்லை. அக்கா செங்கல் சூளைக்குப் போய்விட்டதாக ஆட்டோக்காரர் சொன்னார். வேலி நெடுக யாரோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர். கட்டுவதற்குக் கம்பிகள் வசதியாக இருந்தன. விளக்கு இன்னும் வரவில்லை. பேனர் மறைத்ததில் பெஞ்ச் பக்கம் பகலிலேயே இருட்டிக் கிடந்தது.