ஈரக் கை

என் மேசை லாச்சியில் ஒரு பழைய போன் கிடக்கிறது. கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருக்கிறது. பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பட்டி போட்டிருக்கிறது. கிண்ணியா மீனவர் ஒருவருடையது; அங்கே அண்ணன்மாரைக் காக்கா என்பார்கள். அதைக் காணும்போதெல்லாம் அந்தக் காக்காவின் ஞாபகத்துக்கு முன்னால் எங்கள் பழைய முகாமையாளரின் ஞாபகம்தான் எனக்கு வருகிறது.

அப்போது எங்கள் அலுவலகம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேல்மாடியில் இருந்தது. மீனவர்களுக்குக் காலநிலையும் கரைக்குத் திரும்பும் வழியும் காட்டும் செயலி ஒன்றைச் செய்தோம். அதன் முக்கிய பகுதியை முகாமையாளரே நேட்டிவ் கோடில் எழுதியிருந்தார். போனின் அடிமட்டத்தில் ஓடும் அந்தக் கோட் வேகமானது. ஆனால் உடைந்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் செயலியே மறைந்துவிடும். எந்த வரியில் உடைந்தது என்று அறிய, கோடின் பகுதிகளின் பெயர்கள் அடங்கிய கோப்பு ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் அறிக்கையில் வெறும் இலக்கங்கள்தான் மிஞ்சும். அந்த மனுசன் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவந்தவுடன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கோப்புகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்பார். யாராவது கோடைத் திருடிவிடுவார்களாம். திருடுவதற்கு அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கடலில் செயலி நின்றுபோகிறது என்று யார் முறையிட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஈரக் கையால தொட்டிருப்பாங்கள்."

ஒரு மாரிக் காலத்தில் கிண்ணியாக் காக்கா எங்கள் படியேறி வந்தார். கடும் மழையில் கரை தெரியாமல் செயலியைத் திறந்திருக்கிறார். திறக்கத் திறக்க அது மறைந்திருக்கிறது. வழி தவறி, மண்ணெண்ணெய் தீர்ந்து, தெற்கே வெருகல் கரைப் பக்கம் ஒதுங்கி, மறுநாள்தான் வீடு சேர்ந்தாராம். அவர் சத்தம் போடவில்லை. போனை மேசையில் வைத்தார். முகாமையாளர் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"கையத் துடைச்சிட்டுத் தொடோணும். படிக்காத ஆக்களுக்கு இதெல்லாம் குடுத்தா இப்பிடித்தான்," என்றார், எல்லோர் முன்னிலையிலும்.

காக்கா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கடலில காஞ்ச கைக்கு நான் எங்க போற?"

அந்தப் போனை முகாமையாளரின் முகத்திலேயே விட்டெறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை, காக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர்க் கோப்புகளை அழிக்காமல் செயலியை மறுபடி உருவாக்கி, போனைக் கேபிளால் என் மடிக்கணினியில் பிழை தேடும் டிபக்கரோடு இணைத்தேன். அலுவலகத்தில் அது நிற்கவே இல்லை, ஈரக் கையால் எத்தனை தரம் தொட்டும்! பிறகுதான் உறைத்தது: இங்கே இணைய இணைப்பு ஒருபோதும் அறுவதில்லை. மடிக்கணினியோடு காக்காவின் வள்ளத்தில் ஏறினேன். துறைமுக வாயைத் தாண்டிச் சிக்னல் அறுந்த இடத்தில் செயலி விழுந்தது. டிபக்கர் ஒரு வரியைக் காட்டி நின்றது. பாதியில் அறுந்த காலநிலைச் செய்தியை முழுச் செய்தி என்று நம்பி, இல்லாத மீதியையும் வாசிக்கப் போன வரி. எழுதியவர் முகாமையாளர்.

கொண்டுபோய்க் காட்டினேன். "இத நீர் முதலே பார்த்திருக்கலாமே," என்றார். திருத்திய பதிப்புக்கான குறிப்பைத் தானே எழுதி வெளியிட்டார்: 'இனி ஈரக் கையாலும் பயன்படுத்தலாம்.'

புதிய பதிப்பைப் போட்டுப் போனைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். காக்கா அந்தக் குறிப்பை மெதுவாக வாசித்தார். போனை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நீங்களே வெச்சிக்கொள்ளுங்க தங்கச்சி. இத நம்பிக் கடலுக்குப் போக எனக்கு இனி ஏலா."

அந்த மாதமே நான் வேலையை விட்டேன். முகாமையாளர் இப்போது கொழும்பில் மேடையேறித் மென்பொருளின் தரத்தைப் பற்றிப் பேசுகிறாராம். பேசட்டும். நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இன்று, நான் இப்போது வேலை செய்யும் இடத்தின் புதிய செயலி வெளிவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் செய்வதுபோல லாச்சியைத் திறந்து அந்தப் போனை எடுத்து, செயலியை அதில் போட்டேன். தண்ணீர்க் கோப்பைக்குள் விரல்களை விட்டு நனைத்து, துடைக்காமல் தொட்டேன். திறந்தது. ஈரக் கைக்கு அது ஒரு நாளும் திறக்காமல் இருந்ததில்லை.