இரண்டு கை, இரண்டு செருப்பு

வேலப்பன்சாவடிக் கல்லூரியில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம், நம் மூதாதைகள் எப்படி இரண்டு காலில் எழுந்து நடந்தார்கள் என்பது. இடுப்பெலும்பு குட்டையாகி அகன்றதை, எரிமலைச் சாம்பலில் காலடிகள் பதிந்து கிடந்ததைப் படம் போட்டுக் காட்டுவேன். "பல லட்சம் வருஷம் ஆச்சு, அவசரப்படாதீங்க" என்பேன்.

வீட்டில் எனக்கு ஒரு நாள்கூடப் பொறுமை இல்லை. ஒன்றரை வயதாகியும் மகள் நடக்கவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் வீடு முழுக்கத் தவழ்ந்தே சுற்றினாள். சுவரைப் பிடித்து நிற்பாள். கையை எடுத்தால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நாள் பார்ப்போம், பிறகு சோதனை செய்யலாம் என்றார் டாக்டர். அந்தப் 'பிறகு' என் தூக்கத்தைக் கெடுத்தது. நடைவண்டி வாங்கினேன், அதைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி விளையாடினாள். ஃபேக்டரியிலிருந்து வரும் கணவர், "நடப்பா, விடு" என்பார். கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டு அக்கா. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். "இன்னா டீச்சரம்மா, எப்பப் பாரு கொயந்த காலயே பாத்துகினு கீற? அதுக்குத் தேவைன்னா தானா எய்ந்து நடக்கும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அக்காவும் வந்துவிட்டார். வாசலில் என் செருப்பைக் காணோம். திரும்பினால், மகள் கைக்கு ஒரு செருப்பாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். தவழக் கை இல்லை, பிடித்துக்கொள்ளவும் கை இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே ஆடி ஆடிச் சமையலறைக்கு நடந்துபோனாள்.

எதையாவது தூக்கிக்கொண்டு போகத்தான் ஆதியில் எழுந்து நின்றோம் என்று ஒரு கருத்து உண்டு. வகுப்பில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

சிலிண்டருக்குப் பின்னால் செருப்பைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீ போவக் கூடாதுன்னு நடந்துகீது பாரு" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளை அள்ளிக்கொண்டேன், அந்தக் கால்களை மாறி மாறி முத்தமிட்டேன்.

ஆனாலும் முதல் மணி வகுப்பு என்னுடையது. செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முன்பெல்லாம் இருந்த இடத்திலிருந்தே அழுவாள். அன்று வாசல்வரை நடந்து வந்து அழுதாள்.